ஸ்கேலை அப்புறம் எடுக்கலாம்! - வாசகர் கேள்வி பதில்

தொடக்கப்பள்ளிக் கணக்கில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வாய்ப்பாடும் வகுத்தலும்தான் கடிதங்களில் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் வந்தவற்றில் பெரும்பாலானவை அளவைகள், வடிவியல் பற்றியவை. ரொம்ப சந்தோஷம், ஏனென்றால் வருடக் கடைசியில் அவசர அவசரமாக ஓட்டிவிடுகிற பாடங்கள் இவைதான். சென்னை வாசகர்களின் கேள்விகளை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு தாய்: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பென்சிலை ஸ்கேலில் அளக்கச் சொன்னால் எப்போதும் ஒரு சென்டிமீட்டர் கூட்டிச் சொல்கிறான். 7 என்றால் 8 என்கிறான். 0-இல் வைக்க வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும் மறந்துவிடுகிறான். கவனக்குறைவா?

கவனக்குறைவு இல்லை அம்மா, அவனைத் திட்டாதீர்கள். எண்ணுவது என்றால் 1-இல் ஆரம்பிக்க வேண்டும் என்று எல்.கே.ஜி.யிலிருந்தே நாம்தான் பழக்கியிருக்கிறோம். அதனால் ஸ்கேலிலும் பென்சிலின் ஒரு முனையை 1-இல் வைக்கிறான், மறுமுனை 8-இல் நிற்கிறது, 8 என்கிறான். அவன் பார்ப்பதெல்லாம் கோடுகளையும் எண்களையும்தான். நீளம் இருப்பதோ இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தில். அதைக் காட்டாமல் "0-இல் வை" என்று மட்டும் சொன்னால், அது இன்னொரு கட்டளையாகத்தான் அவன் காதில் விழும், இரண்டு நாளில் போய்விடும்.

ஒரு வாரத்துக்கு ஸ்கேலை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரே அளவுள்ள காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்து, மேசை ஓரத்தில் ஒன்றையொன்று தொட்டபடி அடுக்கச் சொல்லுங்கள். இடைவெளி விடுவான், ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைப்பான், விட்டுவிடுங்கள். "நீ அடுக்கினால் 14 வருகிறது, நான் அடுக்கினால் 17 வருகிறதே, மேசை அதே மேசைதானே?" என்று கேளுங்கள், காரணத்தை அவனே கண்டுபிடிப்பான். அடுத்த நாள் ஒரே ஒரு தீப்பெட்டியைக் கொடுத்து அதே மேசையை அளக்கச் சொல்லுங்கள். இது கொஞ்சம் கஷ்டமான வேலை, ஏனென்றால் பெட்டியை எடுத்து அடுத்த இடத்தில் வைப்பதற்கு முன்னால் அது எங்கே முடிந்தது என்று ஒரு குறி போட வேண்டும், அது ஒரு குழந்தைக்குத் தானாகத் தோன்றக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் குறியை அவனே யோசித்துப் போடும்வரை காத்திருங்கள், சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் ஒரு நீளமான தாள் பட்டையில் கட்டம் போட்ட தாளிலிருந்து ஒரு சென்டிமீட்டர் துண்டுகளை வெட்டி, இரண்டு நிறம் மாறி மாறி வரும்படி ஒட்டி அவனே ஒரு ஸ்கேல் செய்யட்டும். எண் எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் துண்டுகளை எண்ணியே அளக்கட்டும், எண்ணி எண்ணி அலுத்துப்போனதும் எண் எழுதலாம் என்று சொல்லுங்கள். முதல் துண்டு முடிகிற இடத்தில் 1 என்று எழுதுவான். அப்படியானால் ஆரம்பத்தில் என்ன எழுதுவது என்று கேட்டால் 0 அவன் கையாலேயே வந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. 3-க்கு முன்னால் உடைந்துபோன ஒரு ஸ்கேலைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பென்சில் 3-இல் தொடங்கி 10-இல் முடிந்து, அவன் 7 என்று சொன்னால் விஷயம் புரிந்துவிட்டது. 10 என்றால் இன்னும் கொஞ்ச நாள் தீப்பெட்டிதான். இன்னொன்றையும் பாருங்கள்: சில ஸ்கேல்களில் 0 கோடு ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும், தையற்காரர் டேப்பில் ஓரமே 0. இரண்டையும் அவன் கையில் கொடுத்துப் பழக்குங்கள்.

தண்டையார்பேட்டை, மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை: ஐந்தாம் வகுப்பில் சுற்றளவு, பரப்பளவு இரண்டையும் நடத்திவிட்டேன். சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் கணக்கு கொடுத்தால் எது எங்கே என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். என்ன செய்யலாம்?

டீச்சர், இது உங்கள் வகுப்பில் மட்டும் இல்லை, நான் பார்த்த எல்லா வகுப்பிலும் உண்டு. இரண்டு சூத்திரத்திலும் நீளம், அகலம் என்ற அதே இரண்டு எண்கள்தான், ஒன்றில் கூட்டுகிறோம், ஒன்றில் பெருக்குகிறோம், அவ்வளவுதான் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். ஒன்றை நூலால் அளக்கிறோம், இன்னொன்றைச் சதுரத்தால் மூடி அளக்கிறோம் என்பது அவர்கள் கை அறியாத விஷயமாகவே இருக்கிறது. அடுத்தடுத்த வாரம் இரண்டையும் நடத்துவதும் ஒரு காரணம். என்னைக் கேட்டால், சூத்திரத்தைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள்.

பழைய செய்தித்தாளை ஒட்டி ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு சதுரம் செய்து தரையில் விரியுங்கள். அதில் எத்தனை பேர் நிற்க முடியும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லி, அப்புறம் நிற்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டர் என்பது இவ்வளவு இடம் என்று உடம்புக்குத் தெரிந்த பிள்ளை, வகுப்பறையின் பரப்பு 4 சதுர மீட்டர் என்று விடை வந்தால் அதை நம்பமாட்டான். டைல்ஸ் போட்ட தரையாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் பதித்த 10-க்கு 12 அடி அறையில் ஒரு வரிசையில் 6, அப்படி 5 வரிசை, மொத்தம் 30. ஒவ்வொன்றாக எண்ணி முடித்தபின் "வரிசையை எண்ணினால் போதுமே" என்று எவளாவது ஒருத்தி சொல்வாள். பெருக்கல் அங்கேதான் வர வேண்டும்.

இரண்டும் வேறு வேறு என்று காட்ட, ஒன்றை மாற்றாமல் வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். 24 சென்டிமீட்டர் சுற்றளவு வரும்படி நூலை முடிச்சுப் போட்டு, கட்டம் போட்ட தாளில் விதவிதமான செவ்வகமாக வைக்கச் சொல்லுங்கள். 11-க்கு 1 வைத்தால் உள்ளே 11 கட்டம், 8-க்கு 4 வைத்தால் 32, 6-க்கு 6 வைத்தால் 36. நூல் அதே நூல்தான், உள்ளே அடங்கும் இடம் மும்மடங்குக்கு மேல் மாறுகிறது! பிள்ளைகள் முதலில் நம்பமாட்டார்கள், திரும்ப எண்ணுவார்கள், எண்ணட்டும்.

அடுத்து நம் ஊர் கிரவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் மனை என்றாலே ஒரு கிரவுண்ட், அரை கிரவுண்ட் என்ற பேச்சுதான், பிள்ளைகள் வீட்டில் கேட்டிருப்பார்கள். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. 40-க்கு 60 அடியாக இருந்தால் காம்பவுண்டுச் சுவர் 200 அடி. 30-க்கு 80 என்றால் 220 அடி. 20-க்கு 120 என்று நீளமாகக் கிடந்தால் 280 அடி. மூன்றும் அதே ஒரு கிரவுண்ட்தான், ஆனால் சுவருக்கு வாங்க வேண்டிய செங்கல் ஒன்றா? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், வகுப்பே சத்தம் போட ஆரம்பிக்கும். அப்பா கொத்தனாராக இருக்கும் பிள்ளைதான் அன்றைக்கு முதலில் பதில் சொல்லும்.

ஒரு எச்சரிக்கை. முதல் உதாரணமாக 4-க்கு 4 சதுரத்தை எடுக்காதீர்கள், 6-க்கு 3 செவ்வகத்தையும் எடுக்காதீர்கள். முன்னதில் சுற்றளவு, பரப்பளவு இரண்டும் 16, பின்னதில் இரண்டும் 18. சரியாகக் குழம்பிப்போவார்கள். எல்லாம் தெளிந்தபிறகு, சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணாக வருகிற செவ்வகம் உண்டா என்று தேடச் சொன்னால் அதே இரண்டும் அருமையான புதிராகிவிடும்.

வேளச்சேரியிலிருந்து ஒரு தந்தை: இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் சதுரத்தைச் சாய்த்து வரைந்து காட்டினால் "இது டைமண்ட்" என்கிறாள். தலைகீழ் முக்கோணத்தை முக்கோணமே இல்லை என்கிறாள். கவலைப்பட வேண்டுமா?

வேண்டாம் சார். நெதர்லாந்தில் பியர் வான் ஹீலி, டினா வான் ஹீலி என்ற கணவன் மனைவி இருவரும் கணித ஆசிரியர்கள், 1957-இல் தங்கள் ஆய்வேடுகளில் குழந்தைகள் வடிவங்களைப் புரிந்துகொள்வது படிப்படியாக நடக்கிறது என்று விளக்கினார்கள். முதல் படியில் குழந்தை மொத்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்லும். அடுத்த படியில்தான் நாலு பக்கமும் சமம், மூலைகள் செங்கோணம் என்று பண்புகளைக் கவனிக்கும். சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்று ஒப்புக்கொள்வது அதற்கும் அடுத்த படி. வயது ஏறினால் மட்டும் படி ஏறிவிடாது, கையில் கிடைக்கும் அனுபவம்தான் ஏற்றும் என்பது அவர்கள் கருத்து. உங்கள் மகள் முதல் படியில் இருக்கிறாள், இரண்டாம் வகுப்பில் அது இயல்புதான்.

புத்தகத்தில் எல்லா முக்கோணமும் கீழ்ப்பக்கம் படுக்கையாக, மூன்று பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் குழந்தை அந்த ஒரு படத்தைத்தான் முக்கோணம் என்று எடுத்துக்கொள்ளும். ஒல்லியானது, சரிந்தது, தலைகீழானது எல்லாம் காட்டுங்கள். கோடு கொஞ்சம் வளைந்தது, மூலை மூடாமல் விட்டது என்று முக்கோணம் அல்லாதவற்றையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், ஏன் என்று அவள் வாயால் சொல்லட்டும். தெருவில் போகும்போது போக்குவரத்துப் பலகைகளைப் பாருங்கள்: எச்சரிக்கைப் பலகை நேர் முக்கோணம், வழிவிடு என்பது தலைகீழ் முக்கோணம், நில் என்பது எண்கோணம்.

சதுரத்துக்கு ஓர் அட்டையை வெட்டி அவள் கையில் கொடுத்து மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அது சதுரமாக இல்லாமல் போனது என்று கேளுங்கள். அப்புறம் தாளில் சதுரம் வெட்டி மூலைக்கு மூலை மடிக்கச் சொல்லுங்கள், பக்கங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும். தாளை மடித்தே வடிவியல் கற்கலாம் என்று சுந்தர ராவ் எழுதிய புத்தகம் 1893-லேயே இந்தச் சென்னையில் அச்சானது. ஸ்கேலோ காம்பஸோ இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று அவர் காட்டியது இன்றைக்கும் வகுப்பறையில் நடக்கவில்லையே என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு தாத்தா: பேரனுக்கு முழம், சாண், படி, ஆழாக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்க ஆசை. "பரீட்சைக்கு வராது, குழப்பாதீர்கள்" என்கிறாள் மருமகள். யார் சொல்வது சரி?

ஐயா, கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். ஆனால் மனப்பாடமாக வேண்டாம், இந்த இடத்தில் உங்கள் மருமகள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மாட வீதியில் பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கும்போது அவர் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளப்பதைப் பேரன் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து அதே சரத்தை உங்கள் முழத்தாலும் அவன் முழத்தாலும் அளந்து பாருங்கள். உங்களுக்கு இரண்டு முழம்கூட வராமல் போகலாம், அவனுக்கு மூன்று வரலாம். பூவில் இது பரவாயில்லை, சட்டைத் துணியில் பரவாயில்லையா என்று கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவான அளவு ஏன் வேண்டும் என்பது இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் வராது. உங்கள் சிறு வயதில் நாடு மாறியதையும் சொல்லலாம்: 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது, எடை அளவுகளுக்கான சட்டம் 1956-இல் வந்து, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

படியை நான் வேறொரு காரணத்துக்காக விரும்புகிறேன். படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. வீட்டில் பழைய படியும் ஆழாக்கும் கிடந்தால் அரிசியை அளந்து ஊற்றிப் பார்க்கட்டும். அரை, கால், அரைக்கால் என்ற பின்னங்கள் அவன் கையில் நிற்கும், எட்டு ஆழாக்கு ஒரு படி என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. லிட்டருக்கு மாற்றும் கணக்கு மட்டும் வேண்டாம், படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது.

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகி: ஐந்து வயது மகள், டபராவிலிருந்து உயரமான டம்ளருக்குப் பாலை மாற்றினால் பால் அதிகமாகிவிட்டது என்கிறாள். விளக்கினாலும் ஏற்கவில்லை.

ஏற்கமாட்டாள் அம்மா, அந்த வயது அப்படி. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே இதே சோதனையைக் குழந்தைகளிடம் செய்து காட்டியிருக்கிறார். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு ஏழு வயதை ஒட்டித்தான் உறுதிப்படுகிறது. வாதாட வேண்டாம். குளிக்கும்போது மக்கு, பாட்டில், சொம்பு எல்லாம் கொடுத்து ஊற்றி விளையாட விடுங்கள், எதில் அதிகம் பிடிக்கும் என்று முதலில் ஊகித்துவிட்டு ஊற்றட்டும். மற்றதெல்லாம் வரும்.

திருவான்மியூர் ஆசிரியர்: திசை நடத்தினேன். "வடக்கு எங்கே?" என்றால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கையை மேலே தூக்கிக் கூரையைக் காட்டுகிறார்கள். கிழக்கு என்றால் எப்போதும் வலது கை.

சுவரில் தொங்கும் படம்தான் காரணம் சார். அதில் வடக்கு மேலே, கிழக்கு வலப்பக்கம். முதலில் அந்தப் படத்தைக் கழற்றித் தரையில் விரித்து, படத்தின் வடக்கை நிஜ வடக்குக்குத் திருப்பி வையுங்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று பார்க்கட்டும்.

நீங்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. சென்னைக் குழந்தைக்குக் கிழக்கு என்றால் கடல். மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் "கடலைப் பார்த்து நில்லுங்கள்" என்று சொல்லி, முதுகுப்பக்கம் மேற்கு, இடது கைப்பக்கம் வடக்கு என்று அவர்களே சொல்லட்டும். அப்புறம் எல்லோரையும் திரும்பி நிற்கச் சொல்லுங்கள், கடல் நகர்ந்ததா, இடது கை நகர்ந்ததா? உடம்போடு திரும்புவது இடது வலது, திரும்பாமல் நிற்பது திசை. இதை நாலு பக்கமும் திரும்பித் திரும்பி விளையாட்டாகச் செய்தால் போதும்.

நிழலையும் பயன்படுத்துங்கள், ஆனால் ஒரு விஷயம் கவனம். நடுப்பகல் நிழல் வடக்கே விழும் என்று பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது சென்னைக்கு வருடம் முழுக்கப் பொருந்தாது. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் சூரியன் நண்பகலில் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், அன்றைக்குச் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே இருக்காது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். பள்ளி திறக்கும் ஜூனில் ஒரு குச்சியை நட்டு, மாதம் ஒருமுறை நண்பகல் நிழலைச் சாக்பீஸால் குறித்து நீளத்தை அளந்துவைத்தால், டிசம்பர் வருவதற்குள் அந்தப் பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றிப் பல கேள்விகள் இருக்கும். நீளம், திசை, காலம் மூன்றும் ஒரே குச்சியில்.

இன்னொன்றும் சொல்லுங்கள், பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய நில அளவை 1802 ஏப்ரல் 10-இல் நம் பரங்கிமலைப் பக்கம்தான் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி 100 அடி இரும்புச் சங்கிலியை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி விடாமல், சுமார் 400 முறை வைத்து ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்தை அளந்தார். வெயிலில் இரும்பு நீண்டுவிடும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள். பெரம்பூர்த் தாய்க்கு நான் சொன்ன தீப்பெட்டி வேலையும் இதுவும் ஒன்றுதான். அந்த ஒரு நீளத்தை வைத்துக்கொண்டு, மற்றதைப் பெரும்பாலும் கோணங்களை அளந்தே முக்கோணங்களைக் கோத்து வடக்கே இமயம்வரை போனார்கள், எவரெஸ்டின் உயரமும் அந்த அளவையில்தான் தெரியவந்தது. முடிந்தால் ஒருநாள் பிள்ளைகளைப் பரங்கிமலைக்குக் கூட்டிப்போங்கள், லாம்டனின் சிலை அங்கே இருக்கிறது.

ஆதம்பாக்கத்திலிருந்து ஒரு பாட்டி: எனக்குக் கணக்கு தெரியாது, கோலம் நன்றாக வரும். பேத்திக்கு உதவுமா?

உங்களுக்குக் கணக்கு தெரியாது என்று யார் சொன்னது அம்மா? நேர்ப்புள்ளி ஏழில் ஆரம்பித்து ஒன்றில் நிறுத்தினால் 25 புள்ளி, இடுக்குப்புள்ளி ஏழில் ஆரம்பித்து நாலில் நிறுத்தினால் 37 புள்ளி. முன்னது நாலு மூலை வடிவம், பின்னது அறுகோணம். பேத்தியை முதலில் புள்ளி மட்டும் வைக்கச் சொல்லுங்கள், சம இடைவெளியில் வைப்பதே அளவைப் பயிற்சி. அப்புறம் நீங்கள் கோலத்தில் பாதியைப் போட்டுவிட்டு மீதியை அவளிடம் விடுங்கள், சமச்சீர் என்ற பாடம் வாசலிலேயே முடிந்துவிடும். ஒரு கண்ணாடியைக் கோலத்தின் நடுவில் நிறுத்திப் பார்க்கவும் சொல்லுங்கள். சில சிக்குக் கோலங்களில் கண்ணாடி பொருந்தாது, ஆனால் கால் சுற்றுத் திருப்பினால் அதே கோலம் வரும். அதை அவளாகக் கண்டுபிடித்தால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

கொரட்டூரிலிருந்து ஓர் இளம் ஆசிரியை: அளவைப் பாடத்துக்கு என்னென்ன உபகரணம் வாங்கலாம்? கையில் பணம் குறைவு.

தையற்காரர் டேப் ஒன்று, சமையலறைத் தராசு ஒன்று, இதற்கு மேல் வாங்க வேண்டாம். அரை லிட்டர் பால் பாக்கெட், 20 லிட்டர் தண்ணீர் கேன், ஒரு கிலோ உப்பு இவையெல்லாம் எந்த வீட்டிலும் கிடைக்கும். தராசில் வைப்பதற்கு முன்னால் கையில் தூக்கிப் பார்த்து எடையை ஊகிப்பதுதான் முக்கியம்.

அட்டையில் 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனச்சதுரத்தைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். அதை விரித்தால் ஆறு சதுரம் எப்படியெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று வரையட்டும், மொத்தம் 11 விதம் உண்டு, சிலருக்கு நாலைந்து கிடைத்தாலே போதும். உள்ளே பிளாஸ்டிக் பை வைத்து அந்தப் பெட்டியில் தண்ணீர் ஊற்றினால் சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும், அந்தத் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. பக்கம் ஒரு மீட்டராக இருந்தால் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். பத்து என்பார்கள், பத்து மடங்கு நீளம்தானே என்பார்கள். சின்னப் பெட்டிகளை ஓர் அடுக்கில் எத்தனை வைக்கலாம், எத்தனை அடுக்கு என்று தரையில் குறித்து எண்ணினால் ஆயிரம் வரும். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்க் அவ்வளவுதான், 20 லிட்டர் கேன் ஐம்பது.

ஐந்தாம் வகுப்பு என்றால் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வடகிழக்குப் பருவமழை நாளில் செய்தியில் சொல்லும் அளவை எழுதிவைத்து, பள்ளி மாடியின் நீள அகலத்தைப் பிள்ளைகளே அளந்து, எத்தனை லிட்டர் விழுந்தது என்று போடட்டும். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 930 லிட்டர் வரும். உங்கள் பள்ளி மாடிக்கு எவ்வளவு வருகிறது, அது எத்தனை டேங்க் என்று பார்த்து எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.